சொத்தைப் பல்லும் முதல் வேண்டாமும்

பின்லாந்தின் தம்பரே நகரத்தில் நான் வேலை பார்க்கும் குழந்தைகள் காப்பகத்தில், காபி இடைவேளையின்போது மேஜையில் ஒரு தட்டு சுற்றி வரும். ஏலக்காய் மணக்கும் புல்லா என்கிற இனிப்பு ரொட்டி அதில் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தத் தட்டு என் முன்னால் வந்தபோது "எய் கீத்தோஸ்" என்றேன். வேண்டாம், நன்றி என்று அர்த்தம். தட்டு அடுத்தவரிடம் போய்விட்டது. திரும்பி வரும், இன்னொரு தரம் கேட்பார்கள், கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். ரொட்டி தீர்ந்து, தட்டைக் கழுவியும் வைத்துவிட்டார்கள். உபசாரம் என்றால் என்னவென்றே தெரியாத ஜனங்கள் என்று பசியோடு மனதுக்குள் வைதேன். ஒருவர் தன் வாயால் சொன்னதை நம்புவதுதான் அங்கே மரியாதை என்று பிறகு புத்திக்குப் புரிந்தது. நாக்குக்குத்தான் புரியவில்லை. வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கும் இப்படி ஒரு தட்டு கண்ணெதிரே போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

நான் வளர்ந்த கீழ்பென்னாத்தூர் வீட்டில் முதல் வேண்டாம் கணக்கிலேயே சேராது. தட்டை நீட்டியதும் கையை நீட்டும் பிள்ளையை "அலையுது பாரு" என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்து, சொந்தக்காரர் வீட்டுக்குக் கிளம்பும்போதே அம்மா எனக்கும் அண்ணனுக்கும் பாடம் நடத்திவிடுவாள். எது கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவர்கள் வற்புறுத்துவார்கள். அப்போது அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். அவள் இமை லேசாக அசைந்தால் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் சித்தப்பா "இப்பதான் துன்னுட்டு வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே பாயில் உட்கார்ந்து, ரசம் வரைக்கும் வந்துதான் எழுந்திருப்பார். யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை.

இந்தப் பழக்கம் என் பல்லில் கை வைக்கும் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. சென்ற குளிர்காலத்தில் இடது கீழ்க் கடைவாய்ப் பல்லில் கூச்சம் ஆரம்பித்தது. எனக்கு அது சின்ன விஷயமல்ல. "நம்ம வம்சத்துக்குப் பல்லு நிக்காது" என்பது எங்கள் அப்பா அடிக்கடி சொல்கிற வாக்கியம். வலித்தால் பிடுங்கு என்பது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த வைத்தியம். நாற்பது வயதுக்கெல்லாம் பாதிப் பல் போய், இப்போது முழு பல்செட். பல்லு போனா சொல்லு போச்சு என்று ஊரே கேலி செய்தது. மணிலாக்கொட்டை விளைகிற வீட்டில், அந்தக் கடலையை உரலில் இடித்துத் தூளாக்கித் தின்கிற மனிதர் அவர். எனக்கும் நாற்பது வயதாகிறது. வரிசையில் அடுத்தது நான்தான் என்று பயந்துபோனேன்.

பின்லாந்தில் பல் மருத்துவரை ஹம்மஸ்லாக்காரி என்பார்கள். எனக்கு வாய்த்தவர் மெல்லப் பேசுகிற இளைஞர். சின்னச் சொத்தைதான், சுத்தம் செய்து அடைத்துவிடலாம் என்றார். பிறகு, மரத்துப்போக ஊசி வேண்டுமா என்று கேட்டார். இதை நோயாளியிடமா கேட்பார்கள்? கேட்டதும் ஆமாம் என்றால் என்ன நினைப்பார்? "வேண்டாம், பரவாயில்லை" என்றேன். "செல்வா" என்றார் அவர். சரி என்று அர்த்தம். அடுத்த நொடி இயந்திரம் என் பல்லில் இருந்தது. உச்சந்தலைவரை மின்னியது. கையைத் தூக்கினேன். வலிக்கிறதா என்றார். கண்ணில் தண்ணீர் வழிய "கொஞ்சம்" என்றேன். கொஞ்சம்தானே என்று அவர் தொடர்ந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவசர வேலை இருக்கிறது, இன்னொரு நாள் வருகிறேன் என்று சொன்னேன். புண்ணியவான் அதையும் நம்பினார். தற்காலிகமாக எதையோ பூசி அனுப்பிவைத்தார். நான் திரும்பப் போகவில்லை. பூச்சு பெயர்ந்தது. நாக்கு மட்டும் ஓயாமல் அந்தக் குழிக்குப் போய் ஆழம் பார்த்துக்கொண்டிருந்தது.

விடுமுறையில் ஊருக்கு வந்தபோதும் குழி கூடவே வந்தது. அண்ணன் இப்போது வேங்கிக்காலில் வீடு கட்டியிருக்கிறான், அப்பாவும் அங்கேதான். வந்த மறுநாள் காலை, அண்ணி இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"இன்னா சுமதி, ஒரு பக்கமாவே மெல்றே?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

அவளிடம் அது செல்லுமா? செல்போன் விளக்கைப் போட்டு, "தொற வாய" என்றாள். எட்டிப் பார்த்துவிட்டு, "நாளைக்குப் பௌர்ணமி. செங்கம் ரோட்ல மலை சுத்தற ஜனம் ஜாஸ்தியாயிடும், வண்டியே போவாது. இன்னிக்கே போயிட்டு வந்துடலாம், கெளம்பு" என்றாள்.

அப்பா தன் பங்குக்கு, "புடுங்கிட்டா நிம்மதிம்மா" என்றார்.

செங்கம் ரோட்டில், வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஆசிரமத்தைத் தாண்டி, ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது அந்தப் பல் ஆஸ்பத்திரி. வெள்ளைப் பருத்திச் சேலை கட்டிய ஐரோப்பியப் பெண்மணி ஒருவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தியானமா, பல்வலியா தெரியவில்லை. அவருக்குப் பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள். டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். பின்லாந்து, தற்காலிகப் பூச்சு என்று வழியில் நான் சொன்ன கதையை அண்ணியே முந்திக்கொண்டு சொல்லி முடித்தாள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார்.

"புடுங்கணுமா மேடம்?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இதுக்கா? சின்ன சொத்தைங்க. வேர் வரைக்கும் போவல. அடைச்சிட்டா வருஷக்கணக்குல நிக்கும்."

அந்த நாற்காலியிலேயே அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. எத்தனை மாதப் பயம்! அப்போது அவர் கேட்டார்: "மரத்துப்போவ ஊசி போட்டுடட்டுமா?"

"வேணாம் மேடம், பரவால்ல."

சத்தியமாக நான் யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. டாக்டர் கருவியைக் கையில் எடுத்தார். எடுத்தவர் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. ஆசிரமத்துக்கு வர்ற வெள்ளக்காரங்க வேணாம்னா வேணாம்தான். திரும்பக் கேட்டா கோவிச்சுக்கறாங்க. நம்ம ஜனம் வேணாம்னா இன்னும் ரெண்டு தடவ கேக்கணும். நீங்க சொன்னது எந்த ஊர் வேணாம்?"

அண்ணி பதில் சொல்ல வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"போடுங்க மேடம். எனக்கு பயமா இருக்குது."

சொன்னதும் கண் கலங்கிவிட்டது. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல இவ்வளவு நாளாகியிருக்கிறது. யாரும் என்னை அலையுது என்று சொல்லவில்லை. ஊசி எறும்பு கடித்ததுபோல இருந்தது. அதற்குப் பிறகு இயந்திரத்தின் சத்தம் மட்டும்தான். எழுந்து வாயைக் கொப்பளித்தபோது குழி இருந்த இடம் வழவழவென்று மூடியிருந்தது.

வீட்டில் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். "புடுங்கிட்டாங்களா?"

"இல்லப்பா. இருக்குது."

அவர் நம்பவில்லை. வாயைத் திறக்கச் சொல்லிக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "அட, நிக்குதே" என்று பல்செட் தெரியச் சிரித்தார். அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்து நாளாயிற்று.

"காபி போடட்டுமா?" என்றாள் அண்ணி. "வேணாம் அண்ணி, மரப்பு போற வரைக்கும் சூடா எதுவும் கூடாதுன்னாங்களே" என்றேன். அது அசல் பின்லாந்து வேண்டாம். காபி வந்தது. ஜன்னலுக்கு வெளியே மலை தெரிய, டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டேன். ஆற்றி ஆற்றி ஒரு வாய் குடித்தேன். உதட்டின் வலது பாதியில் வெதுவெதுப்பு தெரிந்தது. இடது பாதி இன்னும் ஊர் வந்து சேரவில்லை, அந்தப் பக்கமாகக் காபி முகவாயில் வழிந்தது. அண்ணி சிரித்துக்கொண்டே முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

"வேணாம்" என்றேன். எந்த ஊர் வேண்டாம் என்று எனக்கே தெரியவில்லை. அண்ணி ஊற்றிவிட்டாள்.