துடக்கு வீட்டுக்குள் வந்தவர்

மகன் பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மூன்றாம் மாடி ஃபிளாட்டில், யன்னல்களெல்லாம் சாத்திய அறைக்குள், காதைச் சுற்றித் துணி கட்டியபடி கிடந்தேன். கட்டிவிட்டது அம்மா. பிள்ளைப்பேறு பார்க்கவென்று யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பெட்டி நிறையப் பத்தியச் சரக்குத் தூளும் வாய் நிறையக் கட்டுப்பாடும் கொண்டு வந்திருந்தார். துடக்கென்கிற பிள்ளைப்பேற்றுத் தீட்டு கழியும்வரை பச்சை உடம்புக்காரி ஃபேன் போடக்கூடாது, ஃபோன் பார்க்கக்கூடாது. மூச்சு விடலாம், அதுவும் மெதுவாக.

அன்று விடிந்ததிலிருந்து எனக்குத் தலையிடி. கண்ணுக்குள் மின்னி மின்னி வெட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன்.

"குளிர் ஏறியிட்டுது, ஆவி வேது பிடிச்சால் சரி. துடக்குக் கழியாமல் பச்சைப் பிள்ளையோட வாசற்படி தாண்டிறதோ?" என்றார் அம்மா.

"அம்மா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று மாமியாருக்கு நல்லபிள்ளையாகிவிட்டு என் கணவர் வேலைக்குப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, எழும்ப முடிந்திருந்தால் தலையணையால் எறிந்திருப்பேன்.

மத்தியானம் வாசல் பெல் அடித்தது. பிள்ளைத்தாய்ச்சிகளை வீடு வீடாய்ப் பார்க்கும் மாநகரசபை மருத்துவமாது. வயிற்றில் பிள்ளை இருந்த காலமெல்லாம் கிளினிக்கில் என்னைப் பார்த்த கொட்டாஞ்சேனைக்காரி. அம்மா கதவை அரைவாசிதான் திறந்தார்.

"பிள்ளை சுகம், தாயும் சுகம். துடக்கு வீடு, கழிஞ்சாப் பிறகு வாங்கோ."

"அம்மா, பிள்ளை பெத்த தாய்மார் சாகிறது நம்ம பக்கம் கூடிப்போச்சு. வாசல்ல கேட்டுட்டுப் போகாதீங்க, தாயைக் கண்ணால பாருங்கன்னு மாநகரசபையில கண்டிப்பா சொல்லியிருக்காங்க."

"உள்ள வந்தால் உங்களுக்கும் துடக்கெல்லோ?"

"இருக்கட்டுமே, வீட்டுக்குப் போய் முழுகுறேன். கொஞ்சம் தள்ளுங்க."

"உள்ள விடுங்கோ அம்மா!" என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

வந்தவர் முதலில் யன்னலைத் திறந்தார். கும்பிடலாம் போல இருந்தது. என் கையில் பட்டியைச் சுற்றி பிரஷர் பார்த்தார். பட்டியைத் திரும்ப இறுக்கி இன்னொரு தரம் பார்த்தார்.

"உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். பிள்ளை பெத்த பிறகும் பிரஷர் ஏறும். விட்டா வலிப்பு வந்துரும், அப்புறம் உயிருக்கே ஆபத்து."

"ஐயோ, என்ர பிள்ளை!" அம்மா அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

மருத்துவமாது வார்டுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிவிட்டு, என்னைத் தாங்கி லிஃப்ட்டில் இறக்கி, த்ரீவீலில் தானும் ஏறினார். அம்மா குழந்தையை அணைத்துக்கொண்டு செருப்பில்லாமல் களுபோவில ஆஸ்பத்திரி வரை வந்தார்.

ஊசி, சேலைன், விடியும்வரை விழித்திருந்த நர்ஸ்மார். மறுநாள் பின்னேரம் பிரஷர் இறங்கியது. கண்ணுக்குள் மின்னலும் நின்றது. அப்பாடா! அந்த வார்டின் பழைய கட்டில்கூட எனக்குச் சொர்க்கமாக இருந்தது.

"இன்னும் ஒரு நாள் வீட்டில வைச்சிருந்தால்?" என்று அம்மா டாக்டரிடம் கேட்டார்.

"இப்ப அதை ஏன் யோசிக்கிறீங்க? பிள்ளையைக் குடுங்க, பால் குடிக்கட்டும்" என்றுவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். அதிலேயே அம்மாவுக்குப் பதில் விளங்கிவிட்டது.

மகன் தேடிப் பிடித்துச் சப்பத் தொடங்கினான். அம்மா என் காலைத் தடவியபடி விம்மினார்.

"நான் பெத்த பிள்ளையை நானே…"

"சும்மா இருங்கோ அம்மா, பிள்ளை குடிக்குதெல்லோ" என்று சினந்தேன். பிறகு நானும் அழுதேன். அம்மாவை ஏச நான் உயிரோடு இருக்கிறேனே, அந்தச் சந்தோஷத்தில்.