அம்மா சொன்ன பெயர்

என் அம்மா என் அப்பாவின் பெயரைச் சொன்னதே இல்லை. எங்கள் தெருவில் எந்த மனைவியும் சொன்னதில்லை என்றாலும், அம்மா இதில் மற்றவர்களைவிடக் கண்டிப்பு. சந்தையில் காய்கறி விற்ற ஒருவருக்கும் அதே பெயர். அவரை "மூலைக்கடைக்காரர்" என்பார். அது ஒரு சாமியின் பெயரும்கூட என்பதால், கோயிலில் "சாமி, சாமி" என்று பொதுவாகவே கும்பிடுவார். எந்தச் சாமி என்பதைச் சாமிதான் புரிந்துகொள்ள வேண்டும்.

எனக்கு ஒன்பது வயதானபோது, அறுபதுகளின் நடுவில், அம்மா விவாகரத்துக்கு மனுப்போட முடிவு செய்தார். அப்பா பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசிய எல்லைக்குள் இருந்த ஜொகூரில் இன்னொரு குடும்பம் வைத்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மட்டும் என்னைப் பார்க்க, நாங்கள் குடியிருந்த தேக்காவுக்கு வருவார். அம்மா அழ வேண்டியதை அழுது முடித்துவிட்டு, வேலைகளை வரிசையாகப் பார்க்கத் தொடங்கினார். தையல் வேலைக்குச் சொல்லிவைத்தார். மாமா வீட்டுப் பின்னறைக்கு வெள்ளையடித்து, எங்கள் இரண்டு பெட்டிகளையும் அங்கே கொண்டுபோனார். கல்யாணம் நடந்ததற்குச் சான்றாக அழைப்பிதழையும் ஒரு புகைப்படத்தையும் உறையில் போட்டுக்கொண்டு, என்னையும் அழைத்துக்கொண்டு வக்கீல் அலுவலகத்துக்குப் போனார்.

அங்கே குமாஸ்தா ஒரு தமிழர்.

"புருஷன் பேரு?"

அம்மா என்னைக் காட்டினார். "இவளோட அப்பா."

"அது தெரியுதும்மா. பேரு?"

அம்மா அழைப்பிதழை நீட்டினார். அவர் அதைப் பார்த்து எழுதிக்கொண்டு பேனாவை மூடினார்.

"இங்க பரவால்ல. கோர்ட்டுல நீங்கதான் வாயத் திறந்து சொல்லணும். அங்க போயி 'இவளோட அப்பா'ன்னா கேஸ் நிக்காது லா."

அன்று மாலையே ஒத்திகை ஆரம்பமாயிற்று. அம்மாவின் அண்ணனான மாமா, அரிசி டின்மேல் உட்கார்ந்து நீதிபதியானார்.

"உங்கள் கணவர் பெயர் என்ன?"

"அவரு."

"அவருன்னு ஒரு பேரா? அப்ப அவங்க அப்பா பேரு இவரா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கிண்டல் பண்ணாதண்ணே. வாயில வரமாட்டேங்குது."

"ஆளே ரெண்டு வருஷமா வீட்டுக்கு வரல. பேரு வந்தா ஒனக்கு என்ன?"

மறுநாளிலிருந்து அம்மா துணி துவைக்கும்போது தனியாகப் பழகினார். எதையும் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு அப்போதே உண்டு. பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவந்தேன். திங்கள்: முதல் எழுத்து மட்டும். செவ்வாய்: பாதிப் பெயர், பிறகு இருமல். வியாழன்: முழுப் பெயர், குழாய்ச் சத்தத்தில். சனிக்கிழமை குழாயை மூடிவிட்டு மூன்று முறை சொன்னார். குரலில் நடுக்கம் இல்லை என்றும் எழுதியிருக்கிறேன்.

ஒத்திகை எதற்கு என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு பெயரை இத்தனை முறை சொல்வானேன்? விடாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சாமி வரும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அம்மாதான். ஆகவே அம்மா அப்பாவை வரவழைக்கிறார் என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காப்பிக்கடையில் அதை அப்பாவிடம் சொல்லியும் விட்டேன்.

"அப்பா, அம்மா உங்க பேரச் சொல்றாங்க."

அப்பாவின் கோப்பை பாதி வழியில் நின்றது. "உங்கம்மாவா? திட்டுறாளா?"

"இல்லப்பா. சும்மாதான். நெறைய தடவ."

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு சிரித்தார்.

"கல்யாணமான புதுசுல ஒரே ஒரு தடவ சொல்லுன்னு எவ்ளோ கெஞ்சியிருக்கேன் தெரியுமா? சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னுகூடச் சொல்லிப் பாத்தேன். ம்ஹூம்."

பெரிய காரியம் ஒன்றைச் சாதித்த திருப்தியோடு வீடு திரும்பினேன்.

சில மாதங்களுக்குப் பின் வழக்கு விசாரணைக்கு வந்தது. மாமா என்னை நீதிமன்ற அறைக்கு வெளியே கதவை ஒட்டிய பெஞ்சில் உட்காரவைத்தார். கதவு திறந்தே இருந்தது. முன்வரிசையில் அப்பா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அம்மா சலவை செய்த வெள்ளைச் சேலையில் நிமிர்ந்து நின்றார். மொழிபெயர்ப்பாளர் கேள்வியைத் தமிழில் கேட்டார்.

அம்மா சொன்னார். முழுப் பெயரும், அறையின் கடைசிவரை கேட்கும்படி, ஒரே மூச்சில்.

அப்பா எழுந்து நின்றுவிட்டார். யாரும் அவரை எழச் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளர் உட்காரும்படி கைகாட்டினார், அப்பா கவனிக்கவில்லை. அவர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அடுத்த கேள்விக்காக நீதிபதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்க வேண்டும் என்பது எங்கள் பள்ளியிலும் விதிதான். அப்பாவுக்கும் அது நினைவிருக்கிறதே என்று அன்று எனக்குப் பெருமையாக இருந்தது.