ஆற்றில் விட்ட வேட்டி

அப்பாவின் திதிக்காக ஸ்ரீரங்கத்துப் படித்துறைக்குப் போயிருந்தோம். முழுக்குப் போட்ட அண்ணனைக் காவிரி இழுத்துக்கொண்டது. தன்னார்வ மீட்புக் குழுவினர் இருவர் உடனே படகை எடுத்தார்கள். பாதி வழியில் மோட்டார் நின்றது. யாரோ ஆற்றில் விட்ட வேட்டி அதன் விசிறியில் சுற்றியிருந்தது.

"பழந்துணியைக் குப்பைத்தொட்டியில போட்டா என்னங்க?" என்று கத்தியபடி ஒருவர் அதை அறுக்க, மற்றவர் துடுப்புப் போட்டுப் போய் அண்ணனைப் பிடித்தார்.

கரையில் அண்ணன் தண்ணீர் கக்கிக்கொண்டிருந்தபோதே சித்தப்பா அவனுடைய ஈர வேட்டியைச் சுருட்டினார். "பீடை தொலையட்டும், ஆத்துல விட்டுடறேன்."

"விடுங்க சாமி, அடுத்த ஆளைத் தூக்கப் போறப்ப விசிறியில மாட்டிக்க வசதியா இருக்கும்" என்றார் படகுக்காரர்.

நான் சித்தப்பாவிடமிருந்து வேட்டியைப் பிடுங்கிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் திதிக்கு ஒரு வாளியும் கொண்டுபோகிறேன். ஈரத்துணி அதில் வீட்டுக்கு வந்துவிடுகிறது. சித்தப்பா மட்டும் அந்த வாளியைத் தொடுவதில்லை. தீட்டாம்.