பூஸாவில் கிடந்த எள்

பத்ரிய்யாவின் வீட்டுக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. கால்வாய்ப் பாலத்தைவிட்டு இறங்கியதும் மூக்கே கூட்டிக்கொண்டு போய்விடும். ஊறிப்போன சாக்கு, புளித்த மாவு, முளைவிட்டுக் கட்டிக்கொண்ட கோதுமை, எல்லாவற்றுக்கும் மேலே யாரோ வாயிலெடுத்தது போன்ற ஒரு வாடை. எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். அந்தப் பட்டத்துக்காகப் படித்த பக்கங்களில் பாதியை இந்த நாற்றத்தை முகர்ந்துகொண்டே படித்தேன். அசியூத் நகரத்தில் கல்லூரி விடுதிக்குப் போனபோது பக்கத்துக் கட்டில்காரன் என் சட்டையை மோந்து பார்த்துவிட்டு, எங்கள் வீட்டில் மாடு எத்தனை என்று கேட்டான்.

அவள் போடுவது பூஸா, போதை ஏற்றும் புளித்த பானம். அதில் அடுப்பு ஏறுவது ரொட்டி மட்டும்தான். கனமாகத் தட்டி, மேல்தோல் வெந்து உள்ளே பச்சை மாவாக இருக்கும்போதே எடுத்துவிடுவாள். உள்ளேயும் வெந்துவிட்டால் அது செத்த ரொட்டி, தானாகப் புளிக்காது என்பாள். அந்த அரைவேக்காட்டைப் பிய்த்துப் பீப்பாயில் போடுவாள். முளைகட்டி இடித்த கோதுமையைக் கொட்டி, தண்ணீர் விட்டு, போன தடவை மிச்சம் வைத்த பழைய பூஸாவில் ஒரு சொம்பு ஊற்றுவாள். இரண்டு நாளில் பீப்பாய் முணுமுணுக்கத் தொடங்கும். மஞ்சள் நுரை விளிம்பு தாண்டி வழியும், அதில் ஈக்கள் கால் மாட்டிக்கொண்டு கிடக்கும். குதிரைமயிர்ச் சல்லடையில் ஊற்றி முழங்கைவரை விட்டுப் பிசைந்து பிழிவாள். கீழே கஞ்சித் தண்ணீர் நிறத்தில் கெட்டியாக ஒன்று இறங்கும். அதைச் சுரைக்குடுக்கையில் ஊற்றிக் கொடுத்தால் ஒரே குடுக்கை எல்லார் வாய்க்கும் போய்வரும். முன்னால் குடித்தவனின் மீசை முடி விளிம்பில் ஒட்டியிருந்தாலும் அடுத்தவன் அதை விரலால் ஒதுக்கிவிட்டுக் குடிப்பான்.

சக்கை வாத்துகளுக்கு. அவை தின்றுவிட்டுச் சுவரில் முட்டிக்கொண்டு நடக்கும். அந்த வாத்துகளின் முட்டையை வாங்க ஊரே வரும். முட்டையில் யாருக்கும் பாவம் தெரிந்ததில்லை.

சாயங்காலமானால் பின்கதவு வழியாக ஆட்கள் வருவார்கள். அவர்களில் ஒருவன்கூட பூஸா என்ற சொல்லை வாயில் எடுக்கமாட்டான். கசாப்புக்கடை புராயிக்கு அது ‘சூடு தணிக்கிறது’. ஷேக் அப்துல் மவ்லாவுக்கு அது ‘பார்லித் தண்ணீர்’. அதில் பார்லி ஒரு மணிகூடக் கிடையாது. இந்த ஷேக் பள்ளிவாசலில் தொழவைக்கிறவர் அல்ல. கல்லறைகளில் நின்று ஓதி, செத்தவர்கள் பெயரில் கொடுக்கிற ரொட்டியை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போகிறவர். அங்கியின் ஓரத்தை வாத்து எச்சத்தில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வருவார். முதல் குடுக்கையை இறக்கியதும் ஏப்பத்தோடு, “சிறுநீரகத்துக்கு நல்லது, விதாத் அம்மா” என்பார்.

விதாத் பத்ரிய்யாவின் ஒரே மகள். அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போயிருந்தன. உள்ளறையில் படுத்துக்கொண்டு அவள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்பது ஷேக்குக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

வாரத்துக்கு இரண்டு தடவை அவளை மாவட்ட மருத்துவமனைக்கு ரத்தம் சுத்தம் செய்யக் கூட்டிப்போவார்கள். மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரிந்தவன் என்று நானும் கூடப் போவேன். ஊர் வேனில் அவள் உட்கார்ந்ததும் பக்கத்துப் பெண்கள் முக்காட்டால் மூக்கை மூடிக்கொண்டு இடம் மாறுவார்கள். விதாத் தலைக்குக் கிராம்பு அரைத்துத் தேய்த்துக்கொண்டுதான் வீட்டைவிட்டுக் கிளம்புவாள். அப்படியும் மாறுவார்கள். அந்தப் பெண்களின் புருஷன்மார் யார் யார் என்று எனக்குத் தெரியும். முந்தைய சாயங்காலம்தான் அவர்களைப் பின்கதவில் பார்த்திருப்பேன்.

நோன்பு மாதத்துக்குச் சற்று முன்னால் விதாத் இறந்துபோனாள்.

நோன்பு முழுக்க பத்ரிய்யா பீப்பாய்களைக் கவிழ்த்தே வைத்திருந்தாள். பெருநாள் நெருங்க நெருங்க அவளுக்கு ஒரே நினைப்புதான். எங்கள் பக்கத்தில் பெருநாள் காலையில் கல்லறைக்கு ரஹ்மா, அதாவது கருணை, கொண்டுபோவோம். நெய் விட்டுப் பிசைந்து மேலே எள் தூவிச் சுட்ட ரொட்டி. அந்நிய ஆள் ஒருவர் அதை வாங்கிக்கொண்டு, செத்தவருக்காக ஒரு வார்த்தை ஓதவேண்டும். வாங்க ஆள் இல்லையென்றால் கருணை மண்ணுக்குள் போய்ச் சேராது என்பது நம்பிக்கை. மகளுக்கு முதல் பெருநாள். யார் வாங்குவார்கள்?

புது மாவு வாங்கினாள். பூஸாவில் முங்கிய சல்லடை வேண்டாமென்று எங்கள் வீட்டுச் சல்லடையை இரவல் கேட்டாள். குளித்துவிட்டு வந்து மாவைப் பிசைந்தாள். அங்கேதான் தவறு செய்தாள். பூஸாக்காரி அரைவேக்காட்டு ரொட்டி கொண்டுவந்தாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று அடுப்பில் கூடுதலாக விட்டுவிட்டாள். வெளியே வந்தவை கறுத்திருந்தன. எள்ளெல்லாம் கரி. சல்லடை திரும்பி வந்ததும் அம்மா அதை வாசலில் போட்டுச் சாம்பல் வைத்துத் தேய்த்தாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தும் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

பெருநாள் காலையில் கூடையோடு பத்ரிய்யா மகளின் கல்லறையருகே நின்றாள். சுற்றிலும் எல்லாக் கூடைகளும் காலியாகிக்கொண்டிருந்தன. பிள்ளைகள் ஓடிவந்தார்கள், தாய்மார்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். ஒருத்தி எட்டிப் பார்த்து, “கரியாக்கிக் கொண்டாந்திருக்கா, செத்தவளுக்குமா நெருப்பு” என்றாள். பக்கத்துக் கல்லறையில் ஓதி முடித்த ஷேக் மூட்டையைத் தோளில் மாற்றிக்கொண்டு நடந்தார். பத்ரிய்யா ஒரு ரொட்டியை இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் கையை அங்கிக்குள் இழுத்துக்கொண்டார்.

“அந்தக் கை பிசைஞ்சது வேணாம்மா” என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. அந்தக் கை பிழிந்ததை நோன்புக்கு முந்தின நாள்வரை குடித்த வாய் அது.

கூடை போனபடியே திரும்பி வந்தது. நான் அவள் வாசலில் உட்கார்ந்து இரண்டு தின்றேன். கரி போக உள்ளே நன்றாகவே இருந்தது. அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். படித்தவன் என்று என்னை உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவாள்.

“நீ வீட்டுப் புள்ள, உஸ்தாத். நீ தின்னா அது சாப்பாடு. அது அவளுக்குப் போகாது.”

சில நாள் கழித்துப் பீப்பாய் மறுபடி முணுமுணுத்தது. நோன்பு முழுக்கக் காய்ந்து கிடந்தவர்கள் சூரியன் சாயும் முன்பே பின்கதவில் வந்து நின்றார்கள். அன்றைக்கு நான் அவள் வீட்டுக் குழாயில் வாஷர் மாற்றிக்கொண்டிருந்தேன். பூஸா வழக்கத்தைவிடக் கறுப்பாக இருந்தது. மேலே ஒரு நெய்ப் படலம். அவர்களோ உறிஞ்சினார்கள். மீசையில் ஒட்டிய படலத்தை நாக்கால் வழித்தார்கள்.

“கை இந்தத் தடவ மணக்குது, விதாத் அம்மா. நெய்யா விட்ட?” என்றான் புராயி.

அவள் குடுக்கையை மறுபடி நிறைத்தாள். ஷேக் மூன்றாவது குடுக்கையை முடித்துவிட்டுச் சிறுநீரகத்தைப் பற்றி ஆரம்பித்தார். நடுவில் நிறுத்தி, பல்லிடுக்கில் நகத்தைவிட்டு எதையோ எடுத்தார். விரல் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கரிந்த எள்.

“பூஸாவுல எள்ளு எங்கேருந்து வந்துச்சு?”

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை.

“பெருநாளன்னிக்கு நீட்டினேனே, மௌலானா. அதேதான்” என்றாள் பத்ரிய்யா. “ரொட்டிய குப்பையில போட முடியுமா? செத்த ரொட்டிதான். பழசை ஊத்தி எழுப்பிவிட்டேன்.”

புராயி சிரிக்க ஆரம்பித்தான். அதே குடுக்கை இப்போது தன் கையில் இருப்பது அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. ஷேக் எழுந்து ஓடி வாத்துகளுக்கு நடுவே குந்தி, தொண்டைக்குள் விரலைவிட்டு ஓங்கரித்தார். கொஞ்சம் எச்சிலும் நுரையும் வந்தன. சக்கை விழுகிறது என்று நினைத்து வாத்துகள் அவர் தாடிக்குக் கீழே வந்து முண்டின. குடித்தது உள்ளேயே தங்கிவிட்டது. ரஹ்மாவை வாங்கியவன் ஓதாமல் போனால் கேடு என்று ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். குந்திய நிலையிலேயே, வாயோரம் கோழை தொங்க, செத்தவர்களுக்கு ஓதும் பாத்திஹாவை அவசரமாகச் சொல்லத் தொடங்கினார்.

“நிறுத்துங்க” என்றாள் பத்ரிய்யா. குரல் உயரவில்லை. “இந்த வாயோட எம்பொண்ணு பேரச் சொல்லாதீங்க. வியாழக்கிழமை வாங்க. கொப்பளிச்சிட்டு வாங்க. எல்லாரும் பாக்க அவ தலைமாட்டுல நின்னு ஓதி, கூடையிலேருந்து உங்க கையால எடுத்துக்கங்க.”

“வரலன்னா?” என்றார் ஷேக், தாடியைத் துடைத்தபடி.

“ஊர்ல போய்ச் சொல்லமாட்டேன், பயப்படாதீங்க. இந்தக் கதவு தெறக்காது, அவ்வளவுதான்.”

வியாழக்கிழமை வந்தார். மானத்துக்காக வந்திருந்தால் மன்னித்திருப்பேன். அவர் தாகத்துக்காக வந்தார். விதாத்தின் தலைமாட்டில் நின்று ஓதினார். இத்தனை கேவலமான ஆளுக்கு அத்தனை நல்ல குரல் எப்படிக் கிடைத்தது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஓதி முடித்துக் கூடைக்குள் கையைவிட்டு, இந்த முறை பதமாகச் சிவந்திருந்த ரொட்டிகளில் ஆறேழு எடுத்து மூட்டையில் போட்டார். குனிந்தபோது, “அப்ப சாயங்காலம்?” என்று முணுமுணுத்தார். பத்ரிய்யா தலையசைத்தாள்.

அதைப் பார்த்ததும் மற்றவர்களும் வந்தார்கள். நெருப்பு என்று சொன்னவள் வாங்கினாள். வேனில் இடம் மாறியவர்கள் வாங்கினார்கள். என் அம்மாவும் கை நீட்டி ஒன்று வாங்கி, பச்சைக் கைக்குட்டையில் பொதிந்துகொண்டு, உதட்டை அசைத்து விதாத்துக்காகக் கேட்டாள். கூடை காலி. பத்ரிய்யா அதைக் கவிழ்த்துத் தட்டினாள். எள் கொஞ்சம் மண்ணில் உதிர்ந்தது. அவள் மகளிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மற்றவர்கள் கலைந்தபின் நான் அவளுக்கு முன்னால் நடந்தேன். கால்வாய் மதகு திரும்பியதும் நின்றுவிட்டேன். மதகின் கைப்பிடிச் சுவர்மேல் ரொட்டிகள் இருந்தன. தரையில் போடவில்லை. ரொட்டியைத் தரையில் போடுவது எங்கள் ஊரில் பாவம். பாவம் வரக்கூடாதென்று சுவர்மேல் பத்திரமாக, வரிசையாக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒன்றில்கூடப் பல் பட்டிருக்கவில்லை. சிலவற்றில் ஈ உட்கார்ந்திருந்தது. கடைசியில் இருந்ததன் மேல் அம்மாவின் கைக்குட்டைப் பச்சை நூல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. கைக்கு வந்ததையெல்லாம் அள்ளி என் தோள்பைக்குள் திணித்தேன். உள்ளே இருந்த புத்தகங்கள் நெய்யாயின. பத்ரிய்யா மதகு திரும்பி வந்தபோது சுவர்மேல் ஈக்கள் மட்டும்தான் இருந்தன. காலிக் கூடையை என் முகத்துக்கு நேரே சாய்த்துக் காட்டினாள்.

“பாத்தியா, உஸ்தாத்? ஒண்ணு மிச்சமில்ல.”

“பாத்தேன், விதாத் அம்மா” என்றேன்.

அவளுக்கு வேகமாக நடக்கவேண்டியிருந்தது. வீட்டில் பீப்பாய் நுரைத்திருக்கும். சாயங்காலம் அவர்கள் வருவார்கள்.