நொண்டாமல் நடந்த பெரிய வெள்ளி

மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்க்கும் பாண்டிகசாலையில் சுக்கும் மிளகும் மூட்டை மூட்டையாக வந்து கூரை உயரத்துக்கு அடுக்கி நிற்கும். அந்த அடுக்கை அட்டி என்போம். அட்டியின் மேலே நிற்கிறவர் மூட்டையைச் சரித்து விடுவதற்கு முன் "விடட்டே?" என்று கேட்க வேண்டும். கீழே நிற்கிறவர் "விட்டோ" என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் மூட்டை இறங்கும். எங்களுக்குள் இருக்கிற வழக்கம்தான் இது. ஆனால் இதைத் தவறவிட்டவனை அதன் பிறகு வெகுநாளைக்கு யாரும் அட்டிமேல் ஏற்ற மாட்டார்கள்.

அன்று மேலே நின்றவர் சேட்டன். வயதில் என்னைவிட மூத்தவர், கொச்சியிலேயே பிறந்து வளர்ந்தவர், நான் போகும் அதே மாதா பள்ளிக்குப் போகிறவர். இங்கே தேவாலயத்தைப் பள்ளி என்றுதான் சொல்வார்கள். எனக்கு நாகர்கோவில் பக்கம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்து, வேலைக்கு இங்கே வந்தவன். என்னை எல்லாரும் 'அண்ணாச்சி' என்று கேலியாகக் கூப்பிடுவார்கள். சேட்டன் மட்டும் அந்தச் சொல்லைக் கேலி இல்லாமல் சொல்வார். என் தமிழும் அவர் மலையாளமும் பல வருடமாகப் பேசிப் பேசிக் கலந்துபோயின.

அவர் இடுப்பில் இருந்த போன் அடித்தது. "விடட்டே?" என்று கேட்டார், கேட்ட அதே மூச்சில் விட்டும் விட்டார். சுக்கு மூட்டை என் இடது பாதத்தின் மேல் வந்து விழுந்தது.

வலியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வலி எல்லாருக்கும் தெரிந்ததுதான். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சேட்டன் தெருவுக்கு ஓடியதும், ஆட்டோவில் அவர் என்னைவிடச் சத்தமாக அழுததும், "சேட்டா, ஆள்கள் பாக்குறாங்க, அழாதீங்க" என்று நான் சொன்னதும் நினைவிருக்கிறது. கால் போகிறபோதும் எனக்கு அதுதான் கவலை. நாலு பேர் பார்ப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது.

கட்டுப் பிரித்த அன்று டாக்டர் கணுக்காலை இப்படியும் அப்படியும் மடக்கப் பார்த்தார். மடங்கவில்லை. எலும்பு கூடிவிட்டது, ஆனால் மூட்டு இனி இவ்வளவுதான், சாய்ந்து சாய்ந்துதான் நடக்க வரும் என்றார். முதலாளி நல்ல மனுஷர். உட்கார்ந்து மூட்டை வாய் தைக்கிற வேலைக்கு என்னை மாற்றினார். கோணி ஊசியும் சணலும் என் கைக்கு வந்தன. எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.

சேட்டனுக்குத்தான் இருந்தது. அவர் கும்பசாரம் செய்யப் போனார். ஊரில் நாங்கள் பாவசங்கீர்த்தனம் என்போமே, அதுதான். திரும்பி வந்து நான் தைத்துக்கொண்டிருந்த இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அச்சன் எனிக்கு என்ன பரிகாரம் தந்நு தெரியுமோ? ஒரு கொந்த." அச்சன் என்றால் சாமியார், கொந்த என்றால் ஜெபமாலை. "ஒரு மனுஷன்றெ காலை நசுக்கினதுக்கு ஒரு கொந்த! அரைமணி நேரம் போராது அதுக்கு."

"சாமியாரே போதும்னு சொல்லிட்டார்ல. நானும் அன்னைக்கே மன்னிச்சாச்சு சேட்டா. விடுங்க."

"நீ மன்னிச்சது நின்றெ குணமாடா. என்றெ காரியம் அங்கதன்னெ கிடக்குந்நில்லே?"

மன்னித்தாயிற்று என்றால் அதோடு தீர்ந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மாதாவின் முன்னால் நின்று அவர் ஒரு நோன்பு எடுத்தார். மீனும் இறைச்சியும் தொடுவதில்லை, மத்தியானச் சோறு இல்லை. எதுவரை என்றால், நான் நொண்டாமல் நடக்கிற நாள்வரை. இதை அவர் பாண்டிகசாலையில் எல்லார் முன்னாலும் சொன்னார். டாக்டர் சொன்னதை அப்போதே நான் சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலையைக் குனிந்து ஊசியில் சணல் கோத்தேன்.

மற்றவர்கள் விடுவார்களா? மத்தியானம் அவரவர் பாத்திரத்தைத் திறக்கும்போது மத்திக் குழம்பு வாசனை எழும். சேட்டன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார்.

"திருமேனி தியானத்திலாணு, ஒச்ச வைக்காதே!" என்பான் ஒருவன்.

"நம்பூரிக்குக் கொஞ்சம் மோரு கொடுக்கெடா," என்று மீன் தொடாதவரை நம்பூதிரிப் பிராமணர் ஆக்குவான் இன்னொருவன்.

"நின்றெ அப்பன் பிடிச்ச மீனாணோடா நான் தின்னாம இருக்கேன்?" என்பார் சேட்டன், கண்ணைத் திறக்காமலே. எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

உயிர்ப்புத் திருநாள் வந்தது. தவக்காலம் முழுக்க மீனை விட்டிருந்த எல்லாரும் அன்று காலையில் அப்பமும் கறியுமாக நோன்பை முடித்தார்கள். அவர் முடிக்கவில்லை. அடுத்த தவக்காலமும் தொடங்கிவிட்டது. அவருக்கு ஷுகர் உண்டு. காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மத்தியானம் வெறும் வயிற்றோடு மூட்டை தூக்குவார். அதற்குள் அவரை மறுபடி அட்டிமேல் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். ஒருநாள் அங்கே நின்றபடியே கண் இருண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்ததால் பிழைத்தார். ஓர் அடி முன்னால் சரிந்திருந்தால் கீழே சிமெண்ட் தரை.

அன்று சாயங்காலம் அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தாள். சேச்சி அதிர்ந்து பேசும் பெண். அன்று வாசலிலேயே நின்றாள்.

"அனியா, நின்றெ காலு என்றெ சக்களத்தியாணு, அறியோ?" என்றாள். "ராத்திரி உறக்கத்திலயும் அதைத்தான் பேசுந்நு. நீ ஒரு வாக்கு சொல்லு. சொன்னா கேப்பார். இல்லெங்கில் அந்த அட்டிலேர்ந்து வீழும், பின்னெ நீயும் நானும் இருந்து அழலாம்."

நான் சொல்லாமல் இருந்தேனா? எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. சொன்னால் என் காலைப் பார்ப்பார், கண் கலங்கும், எழுந்து போய்விடுவார்.

மறு ஞாயிறு பூசை முடிந்ததும் அச்சனிடம் போனேன். இளம் வயது அச்சன். ஞானஸ்நானத்துக்கு ஒரு குடும்பம் குழந்தையோடு காத்திருந்தது. அவர் என்னைப் பார்க்கும்வரை ஓரமாக நின்றேன். இப்படி ஒருவர் எடுத்த நோன்பை மற்றவர் விடுவிக்க முடியுமா என்று கேட்டேன். அவரே வந்து கேட்டால் நான் இளக்கித் தரலாம், வரச் சொல் என்றார். சேட்டன் வர மாட்டார் என்பது எனக்குத் தெரியும். பிறகு, எனக்கே எப்படித் தைரியம் வந்ததோ, இன்னொன்றும் கேட்டேன்.

"அச்சா, எல்லார் பாவத்துக்கும் இயேசு பரிகாரம் செஞ்சு முடிச்சாச்சுன்னு சொல்றோம். அப்ப சேட்டன் பட்டினி கிடக்கிறது எதுக்கு? அதுல எது போறாம இருக்கு?"

போதாமல் ஒன்றும் இல்லை என்றார். சேட்டன் அன்பினால் செய்கிறார் என்றார். எனக்கு அது வேண்டாமே என்றேன். அவர் சிரித்தார். "தெய்வத்துக்கும் நம்மிடமிருந்து ரத்தம் வேண்டியிருந்ததில்லை. வேண்டாம் என்று சொல்லத்தான் தானே இறங்கி வந்தார்" என்றார். அதற்குள் குழந்தை வீறிட்டு அழுதது, அவர் போய்விட்டார். அவர் சொன்னதை வீடுவரை சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். வேண்டாம் என்று சொல்ல வந்தவர் ஏன் சாக வேண்டும்? சும்மா வாயால் சொல்லியிருக்கக் கூடாதா? நானும்தான் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன், சேட்டன் கேட்கவில்லையே என்று உடனே தோன்றியது. அதற்குமேல் யோசனை ஓடவில்லை.

அன்றைக்கு மறுநாள் முதல் நான் வீட்டுக்குள் நடந்து பழகினேன். அடுப்படியிலிருந்து வாசல்வரை, வாசலிலிருந்து அடுப்படிவரை. கணுக்காலில் துணியை இறுக்கிச் சுற்றி, குதிகாலை முதலில் ஊன்றி, நல்ல காலின் எட்டைக் குறுக்கி வைத்தால் உடம்பு சாயாது என்று கண்டுகொண்டேன். சாயாமல் இருக்கும், ஆனால் பாதத்துக்குள் யாரோ ஊசியை விட்டுத் திருகுவது போல இருக்கும்.

என் மனைவி முறத்தோடு நின்று பார்த்தாள். "யாருக்குங்க பெண் பார்க்கப் போறீங்க? மாப்பிள்ளை நடை பழகுதீங்க!"

"சும்மா இரு."

"கால் முறுக்கிட்டு நிக்கப்போவுது. அப்புறம் என்கிட்ட தைலம் கேக்கப்படாது, ஆமா."

பெரிய வெள்ளிக்கிழமை காலையில் சிலுவைப் பாதை. பள்ளியிலிருந்து கிளம்பிக் கடைத்தெரு வழியாகப் போய் மறுபடி பள்ளிக்கே வரும். பெரிய மரச்சிலுவையை ஒவ்வொரு நிலைக்கும் ஒருவர் மாற்றி ஒருவர் சுமப்பார்கள். சேட்டன் கேட்டு வாங்கிச் சுமந்தார். வெயில் ஏறிவிட்டிருந்தது. கடைகள் அடைத்திருந்தன. நான் போய் அவருக்கு நேர் முன்னால் நடந்தேன். சிலுவை தோளில் இருக்கிறவனுக்குத் தலை நிமிராது. கீழேதான் பார்க்க முடியும். கீழே என் கால்கள்தான் இருந்தன.

நடப்பது ஒரு பாடு என்றால் முழங்காலிட்டு எழுவது பெரும்பாடு. ஒவ்வொரு நிலையிலும், சிலுவையால் உலகத்தை மீட்டார் என்று சொல்லி எல்லாரும் முழங்காலிட்டார்கள். மடங்காத கணுக்காலை வைத்துக்கொண்டு, தரையில் கை ஊன்றாமல், பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தேன். ஜெபம் ஒன்றும் மனதில் இல்லை. கடவுள் இறந்த நாளில் நான் என் கணுக்காலை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். அது சரியா தவறா என்று தெரியவில்லை.

சிலுவையை அடுத்தவர் தோளுக்கு மாற்றியதும் சேட்டன் என் பக்கத்தில் வந்தார். முகமெல்லாம் வேர்வை.

"எடா அண்ணாச்சி," என்றார். "நீ நடக்குந்நுண்டு."

"ஆமா சேட்டா. சரியாயிடுச்சு போல."

"எப்போ?"

"கொஞ்ச நாளாவே."

பள்ளியில் சிலுவையை முத்தம் செய்துவிட்டு வரிசையில் நின்று பாகற்காய்ச் சாறு குடித்தோம். ஆண்டவருக்குக் கொடுத்த கசப்பு நீரின் நினைவாக இங்கே அப்படி ஒரு வழக்கம். அவர் அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, இன்னும் ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்தார்.

உயிர்ப்பு ஞாயிறு காலையில் சேட்டனும் சேச்சியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சேச்சி கையில் சட்டி நிறைய மீன்குழம்பு. சேட்டன் என் எதிரில் உட்கார்ந்து அப்பத்தைப் பிட்டு, மீனை முள் நீக்கி, நிதானமாகச் சாப்பிட்டார். சேச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "முள்ளு நோக்கித் தின்னு மனுஷா, இத்தற காலம் கழிஞ்சு முள்ளு குத்திச் சாகண்டா" என்று அதட்டினாள். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் என் வாழ்க்கையில் அதிகம் கண்டதில்லை. கொஞ்ச நாளில் மத்தியானச் சோறும் திரும்ப வந்தது. அவர் உடம்பு தேறியது.

அந்த ஞாயிறு அவர்கள் போனதும் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாதம் வீங்கியிருந்தது.

"பெரிய வெள்ளிக்கிழமை அதுவுமா பொய் சொல்லிட்டு வந்திருக்கீங்க," என்றாள் மனைவி.

"சரியாயிடுச்சு போலன்னுதான் சொன்னேன்."

"வாயால போலன்னு சொன்னீங்க. காலால தெளிவாச் சொல்லிட்டீங்க."

அதிலிருந்து என் குழப்பம் கூடிவிட்டது. பொய்யால் முடிந்த நோன்பு, முடிந்த நோன்பா? தப்பு செய்தவர் அவர், நோன்பு இருந்தவரும் அவர். அதுவரை கணக்கு நேராக இருந்தது. இப்போது அவர் சாப்பிடுகிறார், வலி என்னிடம் இருக்கிறது. யாருக்காக யார் செய்கிற பரிகாரம் இது? பூசையில் அச்சன் அப்பத்தை உயர்த்தும்போது மற்றவர்கள் தங்கள் பாவத்தை நினைப்பார்கள். நானும் முன்பு அப்படித்தான். இப்போது என்னையறியாமல், சிலுவையில் காயம்பட்டவர் பக்கம் போய் நின்று யோசிக்கிறேன். அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று. ஐந்தாம் வகுப்புக்காரனுக்கு இது அகந்தை என்று பயமாக இருக்கிறது. கும்பசாரத்தில் சொல்லலாம் என்று பார்த்தால், உண்மையைப் போய்ச் சொல் என்று அச்சன் சொல்லிவிட்டால் என்ன செய்வது? சேட்டன் மறுபடி பட்டினி கிடப்பார். அதனால் சொல்லவில்லை.

பாண்டிகசாலையில் சேட்டன் கண் படுகிற இடமெல்லாம் நேராகவே நடக்கிறேன். வேலை முடிந்ததும் அவர் என்னோடு ஜூ டவுன் என்கிற யூதர் தெரு வழியாகப் பஸ் நிற்கும் இடம்வரை வருவார். முன்பெல்லாம் அவர் வேகத்துக்கு நாய்கூட ஓட முடியாது. இப்போது பழம்பொருள் கடை ஒவ்வொன்றிலும் நிற்கிறார். வாங்கப் போகாத பொருளுக்கெல்லாம் விலை கேட்கிறார். வெள்ளைக்காரர்களுக்கு வைத்திருக்கும் சாமான்கள் அவை. கடைக்காரர்கள் எங்களைத் துரத்தாத குறை.

போன வாரம் ஒரு கடை முன்னால் வெகுநேரம் நின்றார். எனக்குக் கால் விண்ணென்று தெறித்தது.

"சேட்டா, போலாமா?"

"நில்லெடா. இந்த விளக்கு நோக்கட்டே." திரும்பாமலே கையை நீட்டிக் கடையின் படியைக் காட்டினார். "நீ அங்க இரி."

உட்கார்ந்தால் உட்காரவேண்டியிருக்கிறது என்று ஆகிவிடும். உட்காராமல் இருந்தால் அவர் அந்த விளக்கை விடமாட்டார். பிறகு உட்கார்ந்தேன். கால் தானாக முன்னால் நீண்டது. அதை மறைக்கவில்லை.

சேட்டன் விளக்கை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "சேட்டா, இது வாங்கானொந்நும் அல்லல்லோ?" என்று கடைக்காரர் சலித்துக்கொண்டார். சேட்டன் விளக்கைக் கீழே வைத்துவிட்டு, என் பக்கம் பார்க்காமலே சொன்னார்:

"ஞாயிறாழ்ச்ச கரிமீன் வாங்கும். நீ வரணும். எனிக்குத் தின்னணும், நீ அது காணணும்."

குரல் சந்தோஷமாக இல்லை. அதட்டலாக இருந்தது. மருந்து குடிக்கப் போகிறவன் சொல்வதுபோல் இருந்தது. இவர் எப்போது தெரிந்துகொண்டார்? சிலுவையின் கீழிருந்து பார்த்தபோதேவா? அப்படியென்றால் அன்று எங்கள் வீட்டில் முள் நீக்கி முள் நீக்கிச் சாப்பிட்டது யாருக்காக?

வருகிறேன் என்றேன். அவர் என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். கடைக்காரர் எங்களை எழுப்பும்வரை இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம்.