நல்ல கை

வளையல் போடுமுன் எங்கள் ஊர் வளையல்கார அம்மா கையைப் பிடித்துப் பார்ப்பார். விரல்களைக் குவித்து அமுக்கி, மணிக்கட்டைத் தடவி, "ரெண்டு கையும் ஒண்ணில்லீங்க, வலது ஒரு சுத்து பெருசு" என்று சொல்லி, ஒவ்வொரு கைக்கும் தனி அளவு எடுப்பார். அறுபதுகளின் கடைசி. தர்மபுரிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். லீவில் ஊருக்குப் போகும்போது அவரிடம்தான் வளையல் போட்டுக்கொள்வேன்.

ஒரு நாள் காலை அவருடைய கணவரை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். கடத்தூர்ச் சந்தைக்குக் கிளம்பியவர் வாசலிலேயே சுருண்டு விழுந்தாராம். இடது கையும் காலும் அசையவில்லை, வாய் கோணியிருந்தது. பார்த்ததுமே பக்கவாதம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு வருஷ சர்வீஸில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நினைப்பு. அவருடைய வலப்பக்கம் சுவரை ஒட்டியிருந்ததால், எட்டிய இடது கையிலேயே நாடியும் பிரஷரும் பார்த்து முடித்தேன்.

அந்தம்மா கட்டிலில் ஏறி உட்கார்ந்து அவர் கைகளை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். "நர்ஸம்மா, விழுந்த கை வெதுவெதுன்னுதாங்க இருக்குது. நல்ல கைதான் சில்லுனு கெடக்குது. நாடியே தட்டலீங்க."

பதற்றத்தில் இடம் வலம் குழம்பிப் பேசுகிறார் என்று நினைத்தேன். கொஞ்சம் சும்மா இருங்கள் என்றேன். வாழ்நாளெல்லாம் கை பிடித்தே பிழைத்தவரிடம் போய் அப்படிச் சொன்னேன். இன்றும் அது நினைவுக்கு வந்தால் உட்கார முடிவதில்லை, எழுந்து கூடத்தில் நடக்கிறேன்.

டாக்டர் ரவுண்ட்ஸ் வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்தம்மா அவரிடமும் அதையே சொன்னார். டாக்டர் கட்டிலை இழுக்கச் சொல்லி வலது மணிக்கட்டைத் தொட்டார். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. விழுவதற்கு முன் எங்காவது வலித்ததா என்று கேட்டார். முதுகுக்குள் துணி கிழிவதுபோல இருக்கிறதென்று கத்தினாராம். நான் அதைக் கேட்கவே இல்லை.

"ரெண்டு கையையும் பாத்தீங்களா, சிஸ்டர்?"

இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்திருக்க வேண்டும், மூளைக்கும் வலது கைக்கும் ரத்தம் சரியாகப் போகவில்லை, அதனால்தான் வெறும் வாதம்போலத் தெரிகிறது என்றார். உடனே சேலத்துக்கு வண்டி கிளம்பியது. அதியமான்கோட்டையைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. இரண்டு மணி நேரம் முன்னால் அனுப்பியிருந்தாலும் பிழைத்திருப்பது கஷ்டம்தான் என்று டாக்டர் பிறகு சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. அதன்பிறகு அந்தம்மாவிடம் என் கையை நீட்டும் தைரியம் வரவேயில்லை.

போன வாரம் கிளினிக்கில் ஒரு சின்னப்பெண் என் இடது கையில் பிரஷர் பார்த்துவிட்டுப் பட்டையைக் கழற்றினாள். வலது கையையும் நீட்டினேன்.

"அதுலயும் அதேதாங்க ஆயா இருக்கும்."

"ரெண்டு கையும் ஒண்ணில்ல கண்ணு" என்றேன். கையை மடக்கவில்லை.