மல்லாட்டைச் செடியின் சிவப்பு

பெரியப்பாவின் வேட்டியைப் பாழாக்கியதற்கு நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்கப் போவதுமில்லை.

எழுபதுகளின் கடைசி. உறுவையாறு கிராமத்தில் எங்கள் கூட்டுக் குடும்பம். எனக்குப் பதினோரு வயது, வில்லியனூரில் ஆறாவது படித்தேன். எங்கள் வீட்டில் பெண் வயசுக்கு வந்தால் அன்றோடு படிப்பு நின்றுவிடும். பெரியப்பா மகளுக்கு ஏழாவதில் நின்றது. படிப்புக்குப் பதிலாக ஒரு பட்டுப்பாவாடை கிடைத்தது.

அந்த மாசியில் எங்கள் புன்செய்க் கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, இலைகளின் அடியில் செங்கல் பொடிபோல ஏதோ படிந்திருந்தது. தொட்டால் விரலில் ஒட்டும். அது துருநோய் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பெரியப்பாவுக்கு மட்டும் காரணம் தெரிந்திருந்தது. வீட்டுக்கு விலக்கான பெண் எவளோ கொல்லையில் கால் வைத்துவிட்டாளாம்.

ஒரு காலை, பள்ளிக்குப் போகுமுன் பச்சை மல்லாட்டை பிடுங்கித் தின்ன, பனியில் நனைந்த அந்தச் செடிகளின் மேலேயே திருட்டுத்தனமாக உட்கார்ந்தேன். வீடு திரும்பியபோது என் வெள்ளைப் பாவாடையின் பின்பக்கத்தைப் பெரியம்மா பார்த்துவிட்டாள்.

"அப்டியே மூலைல குந்துடி. எதையும் தொடாத."

செடியின் பொடி என்று சொன்னேன். கேட்பாரில்லை. தாய்மாமனுக்குச் சொல்ல ஆள் புறப்பட்டது. கொல்லையைக் கெடுத்தவள் யாரென்று தெரிந்துவிட்டது, இனிப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்றார் பெரியப்பா. அம்மா வந்து பாவாடையைப் பார்த்தாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பெரியம்மாவின் கையைத் தட்டிவிட்டுக் கொல்லைக்கு ஓடினேன். ஒரு கை நிறைய ஈர இலையோடு திரும்பி, பெரியப்பாவின் சலவை வேட்டியில் அழுத்தித் தேய்த்தேன். அதே சிவப்பு.

"இப்ப பெரியப்பாவும் மூலைல குந்தணுமா?"

அறை விழுந்தது. ஆனால் வாசலில் நின்ற கூலியாட்கள் சிரித்துவிட்டார்கள். அதற்குமேல் அவரால் என்ன செய்ய முடியும்? போன ஆளைத் திருப்பி அழைத்தார்கள். மறுநாள் வீங்கிய கன்னத்தோடு பள்ளிக்குப் போனேன்.

பின்னாளில் கல்லூரி நுண்ணோக்கியில் அந்தப் பொடியைப் பார்த்தேன். ஒவ்வொரு துகளும் ஒரு பூஞ்சை வித்து. ஈர இலையில் விழுந்தால் முளைத்து உள்ளே போகும். இரண்டொரு வாரத்தில் இலைத்தோலைக் கிழித்துக்கொண்டு ஆயிரமாயிரம் புதுத் துகளாக வெளியே வரும். காற்றிலும் போகும், துணியில் ஒட்டிக்கொண்டும் போகும். என் பாவாடை நோயைக் கொஞ்சம் பரப்பியிருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். அதே வேட்டியோடு அன்று நல்ல கொல்லைகளையெல்லாம் சுற்றிவந்த பெரியப்பாவும்தான் பரப்பியிருப்பார். அவரை யார் மூலையில் உட்கார வைத்தது?

அன்று என் பாவாடையைத் துவைத்தபடி, தலைநிமிராமல் அம்மா சொன்னாள்: "நெசமாவே வந்தா எங்கிட்ட மட்டும் சொல்லு. இந்த வூட்ல வேற யாருக்கும் தெரியக் கூடாது."

எனக்கு அம்மா மேல் கோபம் வந்தது. அத்தனை பேர் முன்னால் உண்மையைக் காட்டி ஜெயித்துவிட்டு வந்திருக்கிறேன், இவள் ஏன் என்னை மறைக்கச் சொல்கிறாள் என்று புரியவே இல்லை.